டேவ் ஏன் ஓட மாட்டேன் என்கிறான்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் போன் செய்தான். "மாமா, பென்டிரைவ்ல போட்டுக் குடுத்தீங்களே டேவ் கேம், அது ஓடவே மாட்டேங்குது. இந்த ஆப்பை உங்க கம்ப்யூட்டர்ல ஓட்ட முடியாதுன்னு மெசேஜ் வருது. என் லேப்டாப்புல 16 ஜிபி ரேம் இருக்கு மாமா. இது ஒரு போட்டோ சைஸ்கூட இல்ல!"

அவன் ஆத்திரத்தில் நியாயம் இருக்கிறது. பள்ளிக்கூட கம்ப்யூட்டர் லேபில் செருப்பை வெளியே கழற்றிவிட்டு, ஏசி குளிரில் ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பேராக உட்கார்ந்து, சார் அந்தப் பக்கம் திரும்பிய நொடியில் நாங்கள் திறந்த விளையாட்டு அது. முழுப் பெயர் டேஞ்சரஸ் டேவ். 1990இல் டாஸுக்கு, அதாவது விண்டோஸுக்கு முன்பு இருந்த, கட்டளை அடித்து ஓட்டும் இயங்குதளத்துக்கு, வந்தது. எழுதியவர் ஜான் ரொமேரோ, பிறகு டூம் விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவர். டேவ் குதித்துக் குதித்துப் போய்க் கோப்பையை எடுக்க வேண்டும். கோப்பை கைக்கு வந்தால்தான் கதவு திறக்கும். அவ்வளவுதான் கதை. லேபிலேயே ஓட்டையான கம்ப்யூட்டரில்கூட அது ஓடியது. இன்றைக்கு அதைவிடப் பல ஆயிரம் மடங்கு வேகமான லேப்டாப்பில் அசைய மறுக்கிறது. மாட்டை அவிழ்த்துவிட்டு யானையைப் பூட்டியும் வண்டி நகரவில்லை என்றால் எப்படி?

பிரச்சினை வலுவில் இல்லை. ஒரு பழைய விளையாட்டு ஓட வேண்டுமென்றால், அது எழுதப்பட்ட காலத்தில் அதைச் சுற்றி என்னென்ன இருந்தனவோ அவை இருந்தாக வேண்டும். அவை போய்விட்டன. அதனால் பழைய விளையாட்டை ஓட்டுவது என்பது பெரும்பாலும் விளையாட்டைத் திருத்துகிற வேலை அல்ல, அதன் பழைய ஊரை மறுபடி கட்டிக் கொடுக்கிற வேலை. இதைப் புரிந்துகொண்டால் எந்த விளையாட்டுக்கு எந்த வழி என்பது தானாகவே பிடிபட்டுவிடும்.

தனி வீடும் அடுக்குமாடியும்

டாஸ் காலத்தில் விளையாட்டுதான் ராஜா. டாஸ் அதை நினைவகத்தில் ஏற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அப்புறம் மொத்த கம்ப்யூட்டரும் விளையாட்டின் கையில். தனி வீட்டில் குடியிருப்பது மாதிரி. எங்கே வேண்டுமானாலும் ஆணி அடிக்கலாம், கிணற்றில் தானே தண்ணீர் இறைத்துக்கொள்ளலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை.

திரையில் ஒரு புள்ளி வரைய வேண்டுமா? விளையாட்டு நேராக வீடியோ அட்டையின் நினைவகத்தில் போய் எழுதும். சத்தம் வேண்டுமா? ஸ்பீக்கரை இயக்கும் சில்லிடம் நேராகப் பேசும். 1981இல் வந்த முதல் ஐபிஎம் பிசியில் இருந்த ப்ராசசர் இன்டெல் 8088. வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். அதனால் பார்க்க முடிந்த மொத்த நினைவகமே 1 எம்பி. அதிலும் நிரல்களுக்கு 640 கேபிதான், மிச்சம் வீடியோவுக்கும் மற்ற சாதனங்களுக்கும் ஒதுக்கியது. இவ்வளவு நெருக்கடியில் ஒவ்வொரு சாதனத்தையும் நேராகத் தொட்டு வேலை வாங்கினால்தான் வேகம் கிடைக்கும். அன்றைய விளையாட்டு எழுத்தாளர்கள் விதியை மீறிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். அன்றைக்கு விதியே அதுதான்.

இன்றைய விண்டோஸ் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. ஒரே நேரத்தில் பிரவுசர், பாட்டு, ஆன்டிவைரஸ் என்று ஐம்பது குடித்தனம். ஒருவர் இஷ்டத்துக்குச் சுவரில் ஓட்டை போட்டால் பக்கத்து வீட்டில் தண்ணீர் ஒழுகும். அதனால் எதற்கும் அசோசியேஷனிடம், அதாவது இயங்குதளத்திடம், கேட்டுத்தான் ஆக வேண்டும். வீடியோ அட்டையை நேராகத் தொட எந்த விளையாட்டுக்கும் அனுமதி கிடையாது. டேவுக்கு இந்தச் சங்கதியெல்லாம் தெரியாது. அவன் இன்னும் கிணற்றைத் தேடுகிறான்.

சரி, விண்டோஸ் 98இல் டேவ் ஓடியதே, எக்ஸ்பியில்கூட ஓரளவு ஓடியதே என்று கேட்பீர்கள். அங்கேதான் ப்ராசசர் கதை வருகிறது. டாஸ் விளையாட்டுகளில் பெரும்பாலானவை 16 பிட் முறையில் எழுதப்பட்டவை. பிட் என்பது இங்கே ப்ராசசர் ஒரே வாயில் விழுங்குகிற எண்ணின் அளவு. 1985இல் இன்டெல் 386 வந்தபோது 32 பிட்டுக்குத் தாவினார்கள். ஆனால் பழையதைக் கைவிடவில்லை. 8088இன் உடன்பிறப்பான பழைய 8086 போல நடிக்கிற ஒரு தனி முறையை ப்ராசசருக்குள்ளேயே வைத்தார்கள். அடுக்குமாடியின் பின்கட்டில் பழைய தாத்தாவுக்கு ஓர் அறை ஒதுக்கியது மாதிரி. விண்டோஸ் அந்த அறையில்தான் டாஸ் நிரல்களை உட்காரவைத்தது.

2003இல் ஏஎம்டி நிறுவனம் 64 பிட் ப்ராசசர்களைக் கொண்டுவந்தது. அவற்றை 64 பிட் முறையில் ஓட்டும்போது அந்தத் தாத்தா அறை கிடையாது, எடுத்துவிட்டார்கள். 64 பிட் விண்டோஸில் டாஸ் நிரல் ஓடாமல் போனதற்கு இதுதான் அடிப்படை. விண்டோஸ் 10 வரை 32 பிட் பதிப்பும் கிடைத்ததால் அதை வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள். 2021இல் வந்த விண்டோஸ் 11 பிசிக்களுக்கு 64 பிட்டில் மட்டும்தான். ஆக மருமகன் பார்த்த அந்த மெசேஜுக்குப் பொருள்: "தாத்தா, நீங்கள் இருந்த அறையே இப்போது இல்லை."

செட் போடுவோம்

அறை இல்லாவிட்டால் என்ன, செட் போட்டுவிடலாம். கோடம்பாக்கத்தில் ஒரு தெருவையே பிளைவுட்டில் எழுப்புவார்களே, அந்த மாதிரி. டாஸ்பாக்ஸ் என்ற இலவச மென்பொருள் செய்வது அதைத்தான். முதல் பதிப்பு 2002இல் வந்தது. இதை எமுலேட்டர் என்பார்கள். அதாவது ஒரு பழைய கம்ப்யூட்டரை முழுக்க முழுக்க மென்பொருளாலேயே நடித்துக் காட்டுகிற நிரல். பழைய ப்ராசசர், நினைவகம், விஜிஏ வீடியோ அட்டை, சவுண்ட் பிளாஸ்டர் ஒலி அட்டை, விசைப்பலகை எல்லாமே உள்ளே இருக்கும், ஆனால் எதுவும் நிஜமில்லை. டேவ் வீடியோ அட்டையில் எழுதுவதாக நினைத்து எழுதுவான். டாஸ்பாக்ஸ் அதை வாங்கி, விண்டோஸிடம் முறைப்படி அனுமதி கேட்டு, உங்கள் திரையில் ஒரு சன்னலுக்குள் வரைந்துவிடும். தான் இருப்பது செட் என்பது டேவுக்குக் கடைசி வரை தெரியாது.

டாஸ்பாக்ஸில் இன்று சில கிளைகள் உண்டு. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு டாஸ்பாக்ஸ் ஸ்டேஜிங் என்ற கிளையையே சொல்வேன். கண்ணுக்குத் தெரியாத பல அமைப்புகளை அது முன்கூட்டியே சரியாக வைத்திருக்கிறது. மூல டாஸ்பாக்ஸும் நன்றாகவே வேலை செய்யும்.

செய்முறை இதுதான். முதலில் சி டிரைவில் கேம்ஸ் என்று ஒரு ஃபோல்டர் திறந்து, அதற்குள் டேவுக்கு ஒரு ஃபோல்டர் போட்டு, விளையாட்டின் எல்லா ஃபைல்களையும் அதில் வையுங்கள். ஃபோல்டர் பெயர் ஆங்கிலத்தில் எட்டு எழுத்துக்குள், நடுவில் இடைவெளி இல்லாமல் இருக்கட்டும். டாஸுக்கு எட்டு எழுத்துக்கு மேல் பெயர் வைத்தால் பிடிக்காது, வெட்டிவிடும். பிறகு டாஸ்பாக்ஸைத் திறந்தால் பழைய கறுப்புத் திரை வரும். அதில் மவுன்ட் என்ற கட்டளையை அடித்து, ஓர் இடைவெளி விட்டு சி என்ற எழுத்து, மறுபடி இடைவெளி விட்டு அந்த கேம்ஸ் ஃபோல்டரின் முகவரி, என்டர். உங்கள் நிஜ ஃபோல்டர் ஒன்றை டாஸ்பாக்ஸுக்குள் சி டிரைவ் என்று மாட்டிவைக்கிறீர்கள், அவ்வளவுதான். அப்புறம் சி என்று அடித்து முக்காற்புள்ளி வைத்து என்டர் தட்டினால் அந்த டிரைவுக்குப் போய்விடும். ஃபோல்டருக்குள் போகிற சிடி என்ற கட்டளையோடு டேவ் ஃபோல்டரின் பெயரைச் சேர்த்து அடித்து உள்ளே போய், டேவ் என்று அடித்தால் ஆள் வந்து நிற்பான்.

இதைப் போனில் சொல்லி முடிப்பதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. மருமகனுக்கோ கட்டளை அடிப்பதே புதுமையாக இருந்தது. சோம்பேறிகளுக்கு ஒரு குறுக்கு வழியும் உண்டு. விளையாட்டின் இஎக்ஸ்இ ஃபைலை இழுத்துக்கொண்டுபோய் டாஸ்பாக்ஸ் ஐகான் மேல் போட்டால், மேலே சொன்ன வேலையை எல்லாம் அதுவே செய்துகொள்ளும். நான் இதை வேண்டுமென்றேதான் கடைசியில் சொன்னேன்.

வேகம் என்ற வினோதம்

விளையாட்டு திறந்துவிட்டது, ஆனால் தலைதெறிக்க ஓடுகிறது அல்லது நத்தை மாதிரி ஊர்கிறது. புதியவர்கள் அதிகம் திணறுவது இங்கேதான். கதையும் இங்கேதான் சுவாரசியம்.

பழைய விளையாட்டுகள் சில நேரத்தைக் கடிகாரத்தில் பார்ப்பதில்லை. "இந்தச் சுற்றைப் பத்தாயிரம் தடவை சுற்று, அதற்குள் ஒரு கணம் கழிந்திருக்கும்" என்று நம்பி எழுதப்பட்டவை. எழுதிய ஆளின் கம்ப்யூட்டரில் அது சரியாக இருக்கும். இரண்டு மடங்கு வேகமான கம்ப்யூட்டரில் எதிரிகளும் இரண்டு மடங்கு வேகத்தில் வருவார்கள். 1990இல் வந்த விங் கமாண்டர் என்ற விண்வெளிச் சண்டை விளையாட்டு இதற்குப் பேர்போனது. கொஞ்சம் புதிய கம்ப்யூட்டரில் போட்டால் எதிரிக் கப்பல் எங்கிருந்து வந்தது என்று பார்ப்பதற்குள் நீங்கள் காலி.

பழைய கேபினெட்டுகளில் டர்போ என்று ஒரு பட்டன் இருந்தது நினைவிருக்கிறதா? அதை அழுத்தினால் கம்ப்யூட்டர் பறக்கும் என்று நாங்கள் நம்பினோம். உண்மையில் அது பிறந்ததே கம்ப்யூட்டரை மெதுவாக்கத்தான். பழைய நிரல்களை அவற்றின் பழைய வேகத்தில் ஓட்டுவதற்காக வைத்த பட்டனுக்கு டர்போ என்று பெயர் சூட்டிய விற்பனைக்காரரை மெச்ச வேண்டும்.

இதே சங்கதியின் இன்னொரு முகம் டர்போ பாஸ்கல். அந்த மொழியில் எழுதிய நிரல்கள் பல, 1990களின் பிற்பாதியில் புதிய பென்டியம் கம்ப்யூட்டர்களில் திறந்ததுமே "பிழை எண் 200" என்று சொல்லிவிட்டு விழுந்தன. காரணம் வேடிக்கையானது. நிரல் தொடங்கியதும், கடிகாரம் ஒருமுறை துடிப்பதற்குள் இந்தக் கம்ப்யூட்டர் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணிப் பார்க்கும். ஒரு துடிப்பு சுமார் 55 மில்லி விநாடி. எண்ணியதை 55ஆல் வகுத்து, விடையை 16 பிட் அளவுள்ள ஒரு பெட்டியில் போடும். அந்தப் பெட்டியில் 65,535 வரைதான் கொள்ளும். ப்ராசசர் வேகம் கூடிப்போனதால் விடை பெட்டிக்குள் அடங்கவில்லை. எழுதியபோது இவ்வளவு வேகமான கம்ப்யூட்டர் வரும் என்று யார் கண்டார்கள்?

டாஸ்பாக்ஸில் இதற்கு மருந்து சைக்கிள்ஸ் என்ற அமைப்பு. ஒரு மில்லி விநாடிக்கு எத்தனை கட்டளைகளை நிறைவேற்றுவது என்ற எண் அது. 3,000 என்றால் சுமாராக 386க்கு முந்தைய 286 ப்ராசசர் காலத்து வேகம். ஓடும்போதே மாற்றலாம். கன்ட்ரோலோடு எஃப்11 அழுத்தினால் குறையும், எஃப்12 அழுத்தினால் கூடும். உங்கள் கண்ணுக்கும் கைக்கும் சரியாகப் படும் வரை ஏற்றி இறக்கிப் பாருங்கள். ரேடியோவில் ஸ்டேஷன் பிடிப்பது மாதிரிதான். டூம் போன்ற, 1993இலும் அதற்குப் பிறகும் வந்த கனமான விளையாட்டுகளுக்கு இந்த எண்ணை நிறைய ஏற்ற வேண்டும் அல்லது முழு வேகத்தில் விட்டுவிடலாம்.

ஒலிக்கு வருவோம். பழைய விளையாட்டுகள் பலவற்றில் செட்டப் என்று தனியாக ஒரு நிரல் இருக்கும். அதை ஒருமுறை ஓட்டினால், உங்கள் ஒலி அட்டை எது, அது எந்த முகவரியில் இருக்கிறது என்று கேட்கும். அன்றைக்கு இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் ஊமைப் படமாகவே ஆடியவர்கள் ஏராளம். டாஸ்பாக்ஸில் கவலையே இல்லை, எல்லோருக்கும் ஒரே பதில். சவுண்ட் பிளாஸ்டர், முகவரி 220, ஐஆர்க்யூ 7, டிஎம்ஏ 1. டேவுக்கு இதுவும் தேவையில்லை. கேபினெட்டுக்குள் இருந்த ஸ்பீக்கரில் கீச்கீச் என்று கத்துவதோடு சரி.

படம் சற்று தட்டையாகத் தெரிகிறதா? அன்றைய விளையாட்டுகளில் பல 320க்கு 200 புள்ளிகளில் வரையப்பட்டவை. பெருக்கினால் 64,000. ஒரு புள்ளிக்கு ஒரு பைட் என்றால் மொத்தப் படமும் ஒரே 64 கேபி துண்டுக்குள் அடங்கிவிடும். நிரல் எழுதுகிறவர்களுக்கு அது பெரிய வசதி, விஜிஏவின் 256 நிறங்களும் கிடைத்தன. ஆனால் அன்றைய மானிட்டர்கள் நான்குக்கு மூன்று என்ற விகிதத்தில் இருந்ததால், ஒவ்வொரு புள்ளியும் அகலத்தைவிட உயரம் கூடுதலாகத் தெரிந்தது. ஓவியர்களும் அதைக் கணக்கில் வைத்தே வரைந்தார்கள். இன்றைய திரையில் புள்ளி சரிசமச் சதுரம் என்பதால் எல்லோரும் குட்டையாகிவிடுகிறார்கள். டாஸ்பாக்ஸ் அமைப்பில் ஆஸ்பெக்ட் என்பதை இயக்கினால் பழைய உயரம் திரும்பும். பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாவை இப்படிச் சரிசெய்து பார்த்தால்தான் அந்த இளவரசனின் ஓட்டத்தின் அழகு தெரியும். ஜோர்டன் மெக்னர் தன் தம்பியை ஓடவும் குதிக்கவும் விட்டு வீடியோ எடுத்து, அதைப் பார்த்துக் கட்டம் கட்டமாக வரைந்த அசைவு அது. குட்டையாக்கிப் பார்த்தால் பாவம்.

விண்டோஸ் விளையாட்டுகள் வேறு சாதி

டாஸ்பாக்ஸ் கிடைத்ததும் எல்லா விளையாட்டையும் அதில் போட்டுப் பார்க்கத் தோன்றும். ரோட் ராஷ், ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ், வைஸ் சிட்டி எல்லாம் அதில் வராது. அவை விண்டோஸுக்கு எழுதப்பட்டவை, பெரும்பாலும் 32 பிட். 64 பிட் விண்டோஸ் 32 பிட் நிரல்களை இன்றும் ஏற்றுக்கொள்ளும். ஆகவே இங்கே கேள்வி "ஓடுமா" என்பது அல்ல, "ஏன் கோணலாக ஓடுகிறது" என்பதுதான்.

இடையில் ஓர் அப்பாவிக் கூட்டம் உண்டு. விண்டோஸ் 3.1 காலத்து 16 பிட் விளையாட்டுகள். அவற்றுக்கு டாஸ்பாக்ஸுக்குள்ளேயே விண்டோஸ் 3.1ஐ நிறுவிக்கொள்வது ஒரு வழி. செட்டுக்குள் ஒரு செட்.

32 பிட் விளையாட்டுக்கு முதல் மருந்து கம்பாட்டிபிலிட்டி மோட். இஎக்ஸ்இ மேல் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ் போய், கம்பாட்டிபிலிட்டி என்ற பக்கத்தில் எக்ஸ்பி அல்லது 98 என்று தேர்ந்தெடுப்பது. இது செட் போடுவதில்லை, பொய் சொல்கிறது. விளையாட்டு "இது எந்த விண்டோஸ்?" என்று கேட்டால் "98தான், உள்ளே வா" என்று சொல்லும். கூடவே, பழைய விண்டோஸ் எப்படி நடந்துகொண்டதோ அப்படிச் சில விஷயங்களில் நடந்துகொள்ளும்.

இந்தப் பொய்க்கு ஒரு பரம்பரையே உண்டு. சிம்சிட்டி விளையாட்டில் ஒரு பிழை இருந்தது. ஒரு நினைவகப் பகுதியை "எனக்கு வேண்டாம்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, உடனே அதையே எடுத்துப் படிக்கும். பழைய விண்டோஸில் அந்த இடம் அப்படியே கிடந்ததால் யாருக்கும் தெரியவில்லை. விண்டோஸ் 95 சோதனையில் மாட்டிக்கொண்டது. மைக்ரோசாஃப்ட்காரர்கள் விளையாட்டைக் குறை சொல்லிக்கொண்டிருக்கவில்லை. ஓடுவது சிம்சிட்டியா என்று பார்த்து, ஆமென்றால் நினைவகத்தை உடனே பிடுங்காமல் விட்டுவைக்கும்படி விண்டோஸையே மாற்றினார்கள். புதிய வீட்டுக்கு மாறியபோது, தாத்தா எப்போதும் தடுக்கி விழுகிற வாசற்படியில் ஒரு மெத்தை போட்டுவைத்த மாதிரி. கம்பாட்டிபிலிட்டி மோட் இப்படிப்பட்ட மெத்தைகளின் தொகுப்பு.

அது போதாதபோது என்ன செய்வது? விளையாட்டைச் சேமிக்க முடியவில்லை என்றால் பெரும்பாலும் குற்றம் புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரில்தான். பழைய விளையாட்டுகள் சேமிப்பு ஃபைலைத் தங்கள் ஃபோல்டரிலேயே எழுதும். எக்ஸ்பிக்கு அடுத்து வந்த விண்டோஸ் விஸ்டாவிலிருந்து அங்கே சாதாரண நிரல்கள் எழுதக் கூடாது என்று விண்டோஸ் கண்டிப்பாகிவிட்டது. அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டு என்று பலரும் யோசனை சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை, எங்கிருந்தோ வந்த நிரலுக்கு வீட்டுச் சாவியைக் கொடுப்பானேன்? நிறுவும்போதே சி டிரைவில் அந்த கேம்ஸ் ஃபோல்டருக்குள் நிறுவிவிட்டால் பிரச்சினையே எழாது. நெட்வொர்க்கில் நண்பர்களோடு ஆடும் பழைய விளையாட்டு டைரக்ட்பிளே என்ற பழைய விண்டோஸ் பகுதியைக் கேட்டால், அது விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலில் லெகசி காம்பொனென்ட்ஸ் என்பதற்குக் கீழே இருக்கிறது, டிக் அடியுங்கள்.

முப்பரிமாணப் படங்களில் வேறொரு வம்பு. 1990களின் பிற்பகுதியில் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ அட்டைகள் கொடிகட்டிப் பறந்தன. அந்த அட்டைகளோடு பேச கிளைட் என்ற தனி மொழி. நிறுவனம் மூழ்கியது, அட்டைகள் போயின, மொழியும் போயிற்று. ஆனால் அந்த மொழியை மட்டும் பேசும் விளையாட்டுகள் மிஞ்சியிருக்கின்றன. இதற்கு வேண்டியது துபாஷி. டிஜிவூடூ என்ற சின்ன மென்பொருளின் ஃபைல்களை விளையாட்டு ஃபோல்டரில் போட்டுவிட்டால், விளையாட்டு கிளைடிலோ, விண்டோஸின் சொந்த மொழியான டைரக்ட்எக்ஸின் பழைய பதிப்பிலோ பேசுவதை இன்றைய அட்டைக்குப் புரிகிற மாதிரி மாற்றிச் சொல்லிவிடும். கறுப்புத் திரை, சிதறிய நிறம், கிழிந்த படம் என்று எது வந்தாலும் நான் முதலில் முயல்வது இதைத்தான்.

வேகப் பிரச்சினை இங்கேயும் விடாது. ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸில் ஃப்ரேம் லிமிட்டர் என்று, விநாடிக்கு வரையும் படச் சட்டங்களுக்கு வரம்பு கட்டுகிற ஓர் அமைப்பு உண்டு. நம் புதிய அட்டையின் பலத்தைப் பார்க்கலாமே என்று அதை அணைத்துவிட்டால், படம் வழுவழுவென்று ஓடும், ஆனால் கதாநாயகன் சிஜே தண்ணீரில் நீந்த முடியாமல் தத்தளிப்பான். விளையாட்டுக்குள் சில கணக்குகள் விநாடியைப் பார்க்காமல் படச் சட்டத்தை எண்ணிப் போடப்பட்டவை. அதை அணைக்காமல் விடுங்கள்.

மனசு கசக்கும் ஓர் இடம் சிடி பூட்டு. சேஃப்டிஸ்க் போன்ற திருட்டுத் தடுப்பு முறைகள் விண்டோஸின் அடிவயிற்றில் ஒரு டிரைவரைப் பொருத்திவிட்டு, உள்ளே இருப்பது அசல் சிடியா என்று சோதிக்கும். அந்த டிரைவரில் பாதுகாப்பு ஓட்டை இருந்தது. 2015இல் வந்த விண்டோஸ் 10 அதைச் சேர்த்துக்கொள்ளவே இல்லை. அதே ஆண்டு செப்டம்பரில் பழைய விண்டோஸ்களிலும் ஒரு அப்டேட் மூலம் முடக்கினார்கள். பாதுகாப்புக்கு அது சரிதான். ஆனால் விளைவைப் பாருங்கள், காசு கொடுத்து அசல் சிடி வாங்கியவர் வெளியே நிற்கிறார், திருட்டுப் பிரதி வைத்திருப்பவர் ஜாலியாக ஆடிக்கொண்டிருக்கிறார். அந்த விளையாட்டுக்கு நிறுவனமே சிடி கேட்காத பேட்ச், அதாவது திருத்தம், வெளியிட்டிருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் டிஜிட்டல் பதிப்பை மறுபடி வாங்குவதுதான் நேர்வழி.

லினக்ஸ்காரர்கள் இந்த இடத்தில் மெல்லச் சிரிப்பார்கள். 1993இல் தொடங்கிய வைன், அதன் மேல் எழுந்து 2018இல் வந்த ப்ரோட்டான் ஆகிய மென்பொருள்கள் விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓட்டுகின்றன. சில பழைய விண்டோஸ் விளையாட்டுகள் இன்றைய விண்டோஸைவிட அங்கே ஒழுங்காக ஓடுவது தமாஷான உண்மை.

எலும்புக்கூட்டை மாற்றுவது

மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது, கிடைத்தால் அதுவே ஆகச் சிறந்தது. விளையாட்டின் படங்கள், ஒலி, கட்டங்கள் பழையவையே இருக்க, அவற்றை இயக்கும் எஞ்சினை மட்டும் இன்றைய கம்ப்யூட்டருக்கு ஏற்ப யாராவது புதிதாக எழுதியிருப்பார்கள். டூமின் மூல நிரலை 1997இல் வெளியிட்டுவிட்டார்கள். அதன் பிறகு அது ஓடாத சாதனமே இல்லை என்றாகிவிட்டது. டிரான்ஸ்போர்ட் டைகூன் விளையாட்டுக்கு ஓப்பன்டிடிடி என்ற புதிய எஞ்சின். லூகாஸ்ஆர்ட்ஸின் பழைய சாகச விளையாட்டுகளுக்கும் அதுபோன்ற இன்னும் பலவற்றுக்கும் ஸ்கம்விஎம். செட்டும் வேண்டாம், பொய்யும் வேண்டாம்.

எஞ்சினை மாற்றுவது எளிது என்று நினைத்துவிடாதீர்கள். எக்ஸ்பியில் நேரம் போவது தெரியாமல் ஆடினோமே பின்பால், விஸ்டாவில் அது ஏன் காணாமல்போனது தெரியுமா? 64 பிட்டுக்கு மாற்ற முயன்றபோது பந்து எதிலும் மோதாமல் பேய் மாதிரி எல்லாவற்றையும் ஊடுருவிக் கீழே விழுந்துகொண்டிருந்ததாக மைக்ரோசாஃப்டின் ரேமண்ட் சென் எழுதியிருக்கிறார். வெளி நிறுவனம் எழுதிய நிரல், விளக்கக் குறிப்புகள் கிட்டத்தட்ட இல்லை, எங்கே பிழை என்று கண்டுபிடிக்க முடியாமல் கைவிட்டார்கள். பிற்பாடு ஆர்வலர்கள் அந்த நிரலைப் பிரித்து ஆராய்ந்து மீட்டெழுதிவிட்டார்கள் என்பது வேறு கதை.

எங்கிருந்து எடுப்பது என்ற கேள்வி பாக்கி. கடையில் கிடைக்காத பழைய விளையாட்டு என்றால் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு நம்பிக்கை நிலவுகிறது. சட்டத்தில் அப்படி ஒன்றும் இல்லை. இந்தியச் சட்டப்படி பதிப்புரிமை எழுதியவர் இறந்து 60 ஆண்டு வரை நீளும். டேவ் வெளிவந்து இன்னும் 40 ஆண்டுகூட ஆகவில்லை. மருமகனுக்கு பென்டிரைவில் போட்டுக் கொடுத்த நான் இதற்கு மேல் உபதேசம் செய்யக் கூடாது. ஆனாலும் நேர்வழிகள் நிறைய இருக்கின்றன. 2008இல் போலந்தில் தொடங்கிய ஜிஓஜி தளத்தில் பழைய விளையாட்டுகள் டாஸ்பாக்ஸோடு சேர்த்துத் தயாராகவே விற்பனைக்குக் கிடைக்கும். வாங்கி டபுள் கிளிக் செய்தால் போதும். பினீத் எ ஸ்டீல் ஸ்கை, எல்டர் ஸ்க்ரோல்ஸ் வரிசையின் முதலிரண்டு விளையாட்டுகள் போன்றவற்றை உரிமையாளர்களே இலவசமாக விட்டுவிட்டார்கள். இன்டர்நெட் ஆர்க்கைவ் 2015இல் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட டாஸ் விளையாட்டுகளைப் பிரவுசருக்குள்ளேயே ஆடும்படி வைத்தது. அங்கேயும் உள்ளுக்குள் ஓடுவது டாஸ்பாக்ஸ்தான். ஊர் பேர் தெரியாத தளத்தில், விளையாட்டுக்குப் பதில் "டவுன்லோடர்" என்று ஓர் இஎக்ஸ்இ கிடைத்தால் மட்டும் தொடவே தொடாதீர்கள்.

அன்று இரவே மருமகனிடமிருந்து மறுபடி போன். பின்னணியில் அந்தக் கீச்கீச் சத்தம்.

"மாமா, ஜெட்பேக் எடுத்துட்டேன். எப்படிப் பறக்கிறது?"

"ஆல்ட் கீயை அழுத்து. எரிபொருள் தீர்றதுக்குள்ள தரைக்கு வந்துடு."